திறந்த அரசும் தெரியாத மொழியும்

2020ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொரோனா ஊரடங்கில் கல்லூரி மூடிக் கிடந்தது. யாப்பிலக்கணத்தையும் பக்தி இலக்கியத்தையும் கைப்பேசித் திரைக்குள் நடத்திக்கொண்டிருந்த நாட்கள். ஒருநாள் மாலை, இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வாட்ஸாப்பில் ஒரு கோப்பை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: "ஐயா, இதுக்கு நாம கருத்துச் சொல்லலாமாம். ஆகஸ்ட் 11 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா ஐயா?"

கோப்பைத் திறந்தேன். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டிருந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை அது. இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக எண்பது பக்கங்களுக்கு மேல். மாணவரின் ஊரைச் சுற்றிலும் கல்குவாரிகள். வெடி வைக்கும் நேரத்தில் வகுப்பு நடந்தால் அந்த ஓசை அவருடைய கைப்பேசி வழியாக எங்கள் எல்லோருக்கும் கேட்கும். எனவே அவருக்கு இந்த வரைவில் அக்கறை பிறந்ததில் வியப்பொன்றுமில்லை. வியப்பெல்லாம் என் நிலையைக் குறித்துத்தான். முதுகலைப் பட்டம் பெற்றவன். ஆங்கிலமும் ஓரளவு வாசிக்கத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீண்டது. அதன் எழுவாயைத் தேடிப் பிடிப்பதற்குள், வேறொரு பிரிவைப் பார்த்துவிட்டு வா என்று அது என்னை அனுப்பிவிட்டது.

அரசு அந்த வரைவை ஒளித்துவைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதை இணையத்தில் இட்டது. மறுமொழி அனுப்ப மின்னஞ்சல் முகவரி தந்தது. நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் தில்லிக்குப் போகாமல், தபால்தலை ஒட்டாமல், தம் கருத்தைச் சொல்லலாம். மின்னாளுகை பற்றிப் பேசுகிறவர்கள் பட்டியலிடும் வசதிகள் அனைத்தும் அங்கே இருந்தன. இருந்தும், யாருடைய நிலத்தையும் நீரையும் பற்றி அது பேசியதோ அவர்களுக்கு அது மூடிய ஏடாகவே இருந்தது. மின்னணுத் தொழில்நுட்பம் அரசைத் திறந்துகாட்ட வல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த மொழியில் திறக்கிறார்கள், திறந்த பிறகு கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யார் நிற்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் திறந்த அரசைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதே அன்று முதல் என் எண்ணம். அதைத்தான் வாசக நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

*

முதலில் அந்த வரைவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 12 என்று தேதியிடப்பட்ட அது ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வெளியானது. நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம். கருத்துச் சொல்வதற்கான கெடு ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. சூழலியல் செயற்பாட்டாளர் விக்ராந்த் தோங்காத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்த நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் வரைவைப் பத்து நாட்களுக்குள் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்றும் ஜூன் 30 அன்று ஆணையிட்டது. அட்டவணையில் உள்ளவை 22 மொழிகள். தமிழும் அவற்றில் ஒன்று.

மத்திய அரசு இதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் சட்டப்படி போதுமானது. பல மொழிகளில் பெயர்த்தால் சொற்கள் பொருள் திரிந்துபோகும் என்பது அதன் தரப்பு வாதம். ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்திடமே மறுஆய்வு கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியது. அதற்கு இரண்டு நாள் முன்பே கருத்துச் சொல்லும் கெடு முடிந்துபோயிருந்தது.

பொருள் திரியும் என்ற வாதத்தை மொழி பயிற்றுவிப்பவன் என்ற முறையில் என்னால் முற்றாகத் தள்ளிவிட முடியாது. மொழிபெயர்ப்பில் பொருள் திரிவது உண்டு. ஆனால் அதற்கு மருந்து நல்ல மொழிபெயர்ப்புதானே? மத்தியச் சட்டங்களையும் அவற்றின் கீழ் வரும் விதிகளையும் இந்தி அல்லாத இந்திய மொழிகளில் அதிகாரபூர்வமாகப் பெயர்ப்பதற்கென்றே 1973இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் பேரில் வெளியாகும் அத்தகைய தமிழாக்கம் அதிகாரபூர்வமான தமிழ்ப் பிரதியாகவே கொள்ளப்படும். இயற்றி முடித்த சட்டத்துக்கே இப்படி ஏற்பாடு இருக்கிறது. வெறும் கருத்துக் கேட்பதற்காக வைக்கப்படும் வரைவுக்கு ஏன் முடியாது?

இதில் இன்னொரு முரணும் உண்டு. அந்த வரைவு யாருடைய இடத்தைப் பிடிக்க வந்ததோ அந்த 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, பெரிய திட்டங்கள் வரும் இடத்தில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. திட்ட அறிக்கையின் சுருக்கம் அந்தப் பகுதியின் மொழியில் தரப்பட வேண்டும். கூட்டத்தில் பதிவான கருத்துகள் மக்களின் மொழியில் வாசித்து விளக்கப்பட வேண்டும் என்கிறது. ஒரு குவாரிக்கோ ஆலைக்கோ மக்கள் மொழி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அதே அமைச்சகம், எல்லாக் குவாரிகளுக்கும் ஆலைகளுக்குமான விதியையே மாற்றும்போது அந்த மொழி வேண்டாம் என்றது. வரைவில் இருந்த மாற்றங்களும் சிறியவை அல்ல. மக்கள் கருத்துத் தெரிவிக்க 30 நாளாக இருந்த அவகாசம் 20 நாளாகக் குறைக்கப்படவிருந்தது. முன் அனுமதி பெறாமல் தொடங்கிவிட்ட திட்டங்களுக்குப் பிறகு அனுமதி வழங்கவும் அதில் வழி இருந்தது.

தொழில்நுட்பத்தின் நல்ல முகமும் அப்போதுதான் வெளிப்பட்டது. தன்னார்வலர்கள் வரைவைப் பல மொழிகளில் சுருக்கினார்கள், மொழிபெயர்த்தார்கள், படம் போட்டு விளக்கினார்கள். பல லட்சம் மின்னஞ்சல்கள் அமைச்சகத்துக்குப் போயின. ஊரடங்கில் ஒரு ஊர்வலம்கூடப் போக முடியாத நாட்டில் இது எளிய செயலன்று. ஆனால் அதே ஜூலை மாதத்தில், இந்த மின்னஞ்சல் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த சில இளைஞர் அமைப்புகளின் தளங்கள் முடங்கின. அவற்றில் ஒன்றுக்கு எதிரான தில்லிக் காவல்துறை அறிவிக்கையில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பிரிவே குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது தவறுதலாக நேர்ந்தது என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று முகவரி கொடுத்துவிட்டு, கருத்துகள் குவிந்தபோது அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டதே என்று சினந்த கதை இது.

*

தகவல் அறியும் உரிமை இந்த நாட்டில் எப்படி வந்தது என்பதை இந்த இடத்தில் நினைவுகூர்வது நல்லது. அது கணினியிலிருந்து வரவில்லை. ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தது. 1990இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலியோர் அங்குள்ள மக்களோடு சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரணப் பணிகளில் கூலி முழுதாகக் கிடைப்பதில்லை என்பதே அவர்களின் முதல் வழக்கு. கேட்டால், நீ செய்த வேலை குறைவு, ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். அந்த ஏட்டைக் காட்டு என்றால், அது அரசு இரகசியம் என்பார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அங்கிருந்து பிறந்தது.

1994 டிசம்பரில் அவர்கள் 'ஜன் சுன்வாய்' என்னும் கூட்டங்களைத் தொடங்கினார்கள். 'சுன்வாய்' என்றால் கேட்டல், செவிமடுத்தல். ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி, எப்படியோ கைக்கு வந்த பஞ்சாயத்துக் கணக்கு. அதை ஒருவர் உரக்க வாசிப்பார். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று வாசித்ததும் அந்த இன்னாரே கூட்டத்தில் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்பார். இறந்துபோனவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் ஊரே சிரிக்கும். கட்டாத கட்டடத்துக்குச் செலவு எழுதியிருந்தால், அந்தக் கட்டடம் எங்கே என்று ஊரே கேட்கும். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆனால் கணக்கு அவர்களின் பேச்சுமொழியில், அவர்கள் காதில் விழும்படி, அவர்களுக்குத் தெரிந்த பெயர்களோடு சொல்லப்பட்டபோது, எந்தத் தணிக்கை அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாததை அவர்கள் நொடியில் கண்டுபிடித்தார்கள்.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அடுத்த ஆண்டு, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாநிலம் என்ற பெயரைத் தமிழ்நாடு பெற்றது. விலக்குகள் மலிந்த, பல்லில்லாத சட்டம்தான் அது. எனினும் முதலாவது என்பதை மறுக்க முடியாது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் என்றவுடன் நமக்கு நினைவு வருவது பத்து ரூபாய்க் கட்டணமும் முப்பது நாள் கெடுவும்தான். அது ஆறாம், ஏழாம் பிரிவுகளின் கதை. என் பார்வையில் சட்டத்தின் உயிர் நான்காம் பிரிவில் இருக்கிறது. மக்கள் கேட்பதற்கு முன்பே அரசு தன் கணக்கையும் முடிவுகளையும் தானாக வெளியிட வேண்டும். விண்ணப்பம் போடும் தேவையே அருகிப்போகும் அளவுக்கு வெளியிட வேண்டும் என்கிறது அப்பிரிவு. எப்படி வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. செலவு, அந்த வட்டாரத்தின் மொழி, அவ்வட்டாரத்துக்கு எந்த வழி சிறந்தது என்பவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். வழிகளாகச் சட்டம் அடுக்குபவை: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம். இந்த வரிசையை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பலகையில் தொடங்குகிறது. இணையம் பின்னால் வருகிறது. நாமோ இணையத்தில் இட்டுவிட்டுப் பலகையை மறந்துவிட்டோம்.

*

இதைச் சொல்வதால் நான் கணினிக்கு எதிரி என்று நண்பர்கள் எண்ணிவிடக் கூடாது. நன்றாகச் செய்த இடங்களும் இருக்கின்றன. பந்தலில் கணக்கு வாசித்த அதே ராஜஸ்தானில் 2019 செப்டம்பர் 13 அன்று 'ஜன் சூச்னா' என்ற மக்கள் தகவல் தளத்தை மாநில அரசு தொடங்கியது. கேள்வி கேட்டுப் பழகிய அமைப்பினரே அதன் வடிவமைப்பில் அரசு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அதனால் அது துறை வாரியாக அதிகாரிகளின் பெருமை பேசும் தளமாக அமையவில்லை. ஒரு பஞ்சாயத்தை, ஒரு நியாயவிலைக் கடையைத் தேர்ந்தெடுத்தால், அங்கே எவ்வளவு தானியம் வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும்படி அமைந்தது. விண்ணப்பம் போட்டு முப்பது நாள் காத்திருந்து பெற வேண்டியதை ஒருவர் தம் கைப்பேசியில் இந்தியிலேயே பார்க்கலாம் என்றாயிற்று.

நம்மூரிலும் எடுத்துக்காட்டு உண்டு. நில ஆவணங்களைத் தமிழ்நாடு அரசு இணையத்தில் தமிழில் தருகிறது. என் உறவினர் ஒருவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், வில்லங்கம் எல்லாவற்றையும் யார் உதவியும் இல்லாமல் கைப்பேசியில் எடுத்துப் பார்த்துவிடுவார். அவருக்கு யாரும் கணினிப் பாடம் நடத்தவில்லை. அந்தச் சொற்கள் அவருடையவை. தமிழாசிரியன் சொல்லக் கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இச்சொற்களில் பாதி தமிழல்ல. ஜமாபந்தி என்பது பாரசீகத்திலிருந்து வந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்கை வைத்துக்கொண்டு அதிகாரி அமர்வதும், மக்கள் மனுவோடு வரிசையில் நிற்பதும் ஜமாபந்தி என்று பாட்டிமாருக்கும் தெரியும். ஆகவே நான் கேட்பது தனித்தமிழ்க் கலைச்சொற்களை அல்ல. மக்கள் வாயில் புழங்கும் சொல்லில் அரசு பேச வேண்டும் என்பது மட்டுமே.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. எங்கள் பகுதி நீர்நிலை ஒன்றைப் பற்றிய ஓர் ஆணையைத் தேடி ஓர் அலுவலகத்தின் தளத்துக்குப் போனேன். ஆணை அங்கே இருந்தது. கையெழுத்திட்ட தாளைச் சாய்வாக வைத்து ஒளிவருடி ஏற்றியிருந்தார்கள். அது எழுத்தன்று, எழுத்தின் நிழற்படம். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றுமில்லை என்றே தளம் சொல்லும். இன்னொரு கோப்பில் தமிழ் இருந்தது. ஆனால் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்ததால், நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வந்து விழுந்தன. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒருங்குறிக்காக இணையத்தில் மல்லுக்கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நம்மில் பலர். எழுத்துருச் சண்டை என்று அப்போது நம்மை எள்ளியவர்கள் உண்டு. ஊர்ப் பெயரைத் தேடினால் ஊர் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சண்டையின் பொருள்.

*

கருவியின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் முக்கியம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், எல்லாப் பணியிடங்களிலும் தொழிலாளர்களைக் கைப்பேசிச் செயலி வழியாக நாளொன்றுக்கு இருமுறை படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்ற விதி கட்டாயமாயிற்று. சமிக்ஞை கிடைக்காத ஏரிக்கரையில் வேலை செய்தவருக்கு, செய்த வேலைக்கான கூலியே ஐயத்துக்கு உள்ளானது. வெளிப்படைத்தன்மை என்ற பெயரில்தான் இதுவும் வந்தது. ஆனால் பியாவரில் அமர்ந்தவர்கள் கேட்டது அரசின் ஏட்டை மக்கள் பார்க்க வேண்டும் என்று. இங்கே நடந்தது மக்களின் முகத்தை அரசு பார்த்தது. 2025 டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை இயற்றியிருக்கிறது. சட்டம் மாறினாலும், கண் யார் பக்கம் இருக்க வேண்டும் என்ற கேள்வி மாறாது.

இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. ஆனால் தமிழ் இதழ்களில் அதைப் பற்றிய பேச்சே குறைவு. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 44ஆம் பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிநபர் தகவலைத் தர மறுப்பதென்றால், அது பொதுச் செயற்பாட்டோடு தொடர்பில்லாதது என்றோ, வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையற்ற குறுக்கீடு நேரும் என்றோ காட்ட வேண்டும். அப்போதும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று அதே உட்பிரிவில் எழுதியிருந்தது. இப்போது அந்த வரிகள் நீங்கிவிட்டன. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்ற அளவில் உட்பிரிவு சுருங்கிவிட்டது. பொதுநலனுக்காகத் தகவல் தர இடமளிக்கும் பொதுவான பிரிவு ஒன்று சட்டத்தில் இன்னமும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் மறுப்பதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு அதிகாரியிடமிருந்து இறங்கி, கேட்பதற்குக் காரணம் காட்டும் சுமை குடிமகன் தலையில் ஏறியிருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். என் வங்கிக் கணக்கும் என் நோயும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பந்தலில் வாசிக்கப்பட்ட அந்தக் கூலிப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். பெயர்களை நீக்கிவிட்டு வாசித்திருந்தால், நான் அந்த வேலைக்குப் போகவில்லையே என்று எழுந்து நிற்க ஒருவருக்கும் வழி இருந்திருக்காது. இறந்தவரும் பிழைத்திருப்பார், கட்டாத கட்டடமும் நின்றிருக்கும். நூறு பேர், இத்தனை லட்சம் ரூபாய் என்ற கூட்டுத்தொகையை எவ்வளவு அழகான வண்ணப் படமாகத் திரையில் வரைந்து காட்டினாலும் அதிலிருந்து ஓர் ஊழலைக் கண்டுபிடிக்க முடியாது.

*

இத்தகைய கட்டுரைகளில் உத்திரமேரூரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை, நானும் விடப்போவதில்லை. ஆனால் எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று சொல்வதற்காக அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களை எப்படித் தேர்வது என்ற விதிகளை அவை கூறுகின்றன. இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். எனக்கு அதில் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் இடக் கூடாது. இதை ஓலையில் எழுதி உள்ளே வைக்காமல், சுவரில் வெட்டிவைத்தார்கள்.

சுவரின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிரமதேய ஊர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்களுக்கான விதி அது. அந்த நிலத்தில் உழுதவர்கள் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. பொது இடத்தில் வெட்டியிருந்தாலும், அந்தச் சுவர் எல்லோருக்காகவும் எழுதப்படவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், இணையம் என்ற மிகப் பெரிய சுவரை வைத்துக்கொண்டு, அதே போல் வாசிக்கத் தெரிந்த சிலருக்கு மட்டுமான விதிகளை நாம் எழுதிக்கொண்டிருந்தால் அந்தச் சுவரின் பெருமையைப் பேசும் தகுதி நமக்கு இல்லை.

*

என்ன செய்யலாம்? அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, மக்கள் கருத்துக்காக வெளியிடப்படும் எந்த வரைவும், அது யாரைப் பாதிக்குமோ அவர்களின் மொழியில் அதே நாளில் வெளியாக வேண்டும். கெடு அந்த நாளிலிருந்துதான் எண்ணப்பட வேண்டும். சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் சேர்க்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே தனக்கு ஒரு நெறியை வகுத்துக்கொண்டது. எளிய மொழி என்பதில் தமிழும் அடங்கும் என்று அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டாவது, வந்த கருத்துகள் எவை, எவற்றை ஏற்றார்கள், எவற்றை ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் வராத இடத்துக்கு மக்கள் மறுபடி கடிதம் எழுத மாட்டார்கள். மூன்றாவது, இணையத்தில் இட்ட கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆறாக உயர்த்தப்பட்டன. ஆறு நாள், ஊரே கூடும் இடத்தில், ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் சொல்லி வாசிக்கட்டும்.

நம்மிடமும் ஒரு கடமை பாக்கியிருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களுமாகிய நாம் இலத்தீன் அமெரிக்க நாவல்களைப் பெயர்த்தோம், ருஷ்யக் கதைகளைப் பெயர்த்தோம். அவை வீண் போகவில்லை. ஆனால் அரசிதழை யாரும் புரியும் தமிழில் எழுதிப் பழகவில்லை. அதை அலுவலகத் தமிழ் என்று கேலி செய்ததோடு நம் பங்கு முடிந்தது. இன்று இயந்திரமே மொழிபெயர்க்கிறது. 'பாஷினி' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கும் தளத்தை 2022இல் மத்திய அரசே தொடங்கியது. ஆகவே நேரமில்லை, ஆளில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. ஆனால் இயந்திரம் தரும் முதல் பிரதியை உட்கார்ந்து திருத்தி, இந்த வாக்கியம் ஓர் உழவருக்குப் புரியுமா என்று கேட்க மனிதர்கள் வேண்டும். தமிழ்த் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் மாணவர்களைவிட அதற்குத் தகுந்தவர்கள் யார்?

அந்த ஜூலை மாதம் நாங்கள் அதைத்தான் செய்து பார்த்தோம். ஏழு மாணவர்கள், ஆளுக்குச் சில பக்கங்கள். சட்டம் படித்த நண்பர் ஒருவர் இரவில் தொலைபேசியில் ஐயம் தீர்த்தார். திட்டம் தொடங்கிய பிறகு அனுமதி வழங்கும் அந்தப் பகுதிக்கு நான் 'பின்னேற்பு' என்று ஒரு சொல்லை உருவாக்கி, அதில் சிறிது மகிழ்ச்சியும் கொண்டேன். கோப்பை அனுப்பிய மாணவர் அதைத் தம் தந்தைக்கு வாசித்துக் காட்டினார். தந்தைக்குப் புரியவில்லை. கைப்பேசியை வாங்கி என்னிடமே கேட்டார். நான் விளக்கினேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, அதுக்குப் பெறகுதான் அனுமதி கேப்பாங்களா சார்?" என்றார்.

என் சொல்லை அடித்துவிட்டு அவருடைய கேள்வியையே எங்கள் மறுமொழியின் முதல் வரியாக எழுதினோம். தமிழிலேயே எழுதி, கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு அனுப்பினோம். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.